நீரில் இறங்குவதற்கு முன்: நீச்சல் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். பள்ளிப் போட்டி, மாவட்டப் போட்டி என்று சீசன் தொடங்கிவிட்டது போலிருக்கிறது, எல்லோருக்கும் வார்ம்-அப் சந்தேகம். முப்பது வருஷமாகக் குளத்துக் கரையில் விசிலோடு நிற்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

என் மகளுக்கு 11 வயது. போன மாதம் முதல் மாவட்டப் போட்டி. காலை 7 மணிக்கு எல்லாப் பிள்ளைகளோடும் இறங்கி வார்ம்-அப் செய்தாள். அவளுடைய 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஹீட் (அவள் நீந்த வேண்டிய சுற்று) வந்தபோது மணி 10.40. பயிற்சியில் 38 விநாடியில் நீந்துகிறவள் அன்று 41. கோச் ‘டென்ஷன்’ என்கிறார். வார்ம்-அப் செய்தும் ஏன் இப்படி? — ஒரு அம்மா, கோவை

டென்ஷனும் இருந்திருக்கும், முதல் போட்டி இல்லையா. ஆனால் பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 7 மணி, 10.40. தோசைக்கல்லைக் காய வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்து மாவை ஊற்றினால் தோசை வருமா?

வார்ம்-அப்பை நம் ஊரில் ஒரு சடங்கு மாதிரி செய்கிறோம். காலையில் வந்தோமா, நாலு லேப் அடித்தோமா, முடிந்தது. உடம்புக்குள் நடப்பது வேறு. அசையத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் தசையின் சூடு மளமளவென்று ஏறும், அப்புறம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். சூடான தசை வேகமாகச் சுருங்கும், மூளையின் உத்தரவு நரம்பு வழியாகச் சீக்கிரம் போய்ச் சேரும், ரத்த ஓட்டமும் மூச்சும் ஏற்கெனவே கூடியிருப்பதால் பந்தயத்தின் முதல் 25 மீட்டரில் திணறல் குறையும். அசைவை நிறுத்தியதும் அந்தச் சூடு இறங்க ஆரம்பிக்கும். 15, 20 நிமிடத்தில் கணிசமாகப் போய்விடும். ஓட்டப்பந்தயக்காரருக்கு இல்லாத இன்னொரு தொல்லை நமக்கு உண்டு, நாம் நனைந்திருக்கிறோம். ஈர உடையில் காற்று படப்பட உடம்பு இன்னும் சீக்கிரம் ஆறும்.

200 மீட்டர் நீச்சலில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வார்ம்-அப் முடிந்து 45 நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு நீந்தியதைவிட, 10 அல்லது 20 நிமிடத்தில் நீந்தியபோது அதே ஆட்கள் ஒரு சதவீதத்துக்கு மேல் வேகமாக முடித்தார்கள். இரண்டு நிமிடப் பந்தயத்தில் அது ஒன்றரை விநாடி அளவுக்கு வரும். அது 45 நிமிடத்துக்கே. உங்கள் மகள் உட்கார்ந்திருந்தது மூன்று மணி நேரத்துக்கு மேல். அதற்காக அந்த 3 விநாடியும் இதனால்தான் என்று சொல்லமாட்டேன், புதுக் குளம், புது பிளாக் (பாய்ந்து தொடங்கும் மேடை), பக்கத்து லேனில் உயரமான பெண், எல்லாம் சேர்ந்துதான்.

எந்தப் போட்டிக்கும் போய்ப் பாருங்கள், கேலரிப் படியில் ஒரு பையன் ஈர டிரங்க்ஸோடு உட்கார்ந்திருப்பான். தோளில் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போன டர்க்கி டவல், உதடு லேசாக ஊதா, ஒரு கையில் பாதி கடித்த சாண்ட்விச், மறு கையில் அம்மாவின் போன். அவன் ஹீட் 14. மைக்கில் ‘ஹீட் லெவன்’ என்றதும்தான் அம்மாவுக்கு ஞாபகம் வரும், ‘டேய், தொப்பி எங்கடா, ஓடு ஓடு’. அந்தப் பிள்ளை படியிலிருந்து நேராக பிளாக்குக்குப் போகிறான். காலையில் செய்த வார்ம்-அப் அவனுக்கு இனி எதற்கும் உதவாது.

என்ன செய்யலாம் என்றால், காலை வார்ம்-அப்பை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் குளத்தைப் பழகுவது அதில்தான்: சுவர் வழுக்குகிறதா, டர்னுக்கு முன் கொடி எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது, பிளாக் எவ்வளவு உயரம். 11 வயசுக்கு 500, 600 மீட்டர் போதும். 200 மெதுவாக, அப்புறம் 50 மீட்டராக நாலு தடவை பாதி கிக் பாதி நீச்சல், 25 மீட்டராக நாலு தடவை போகப்போக வேகம் கூட்டி, கடைசியில் ஸ்பிரிண்ட் லேன் திறந்தால் இரண்டு டைவ். ஏறியதும் ஈர உடையைக் கழற்றிவிட வேண்டும், இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். பையில் இரண்டாவது நீச்சலுடை, முழுக்கால் பேண்ட், ஸ்வெட்டரோ ஜாக்கெட்டோ, சாக்ஸ். கோவையில் மே மாதம் ஸ்வெட்டரா என்று பக்கத்து அம்மா சிரிப்பார், சிரிக்கட்டும். ஒலிம்பிக்கில் நீச்சல்காரர்கள் பந்தயத்துக்கு வரும்போது கழுத்து வரை தடியான கோட்டு போட்டு வருவது அழகுக்கு இல்லை.

ஹீட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்னால் இரண்டாவது வார்ம்-அப். தனிக் குளம் இருந்தால் 200 மீட்டர். பெரும்பாலான இடங்களில் இருக்காது, அதனால் தரையில்தான்: இரண்டு நிமிடம் ஸ்கிப்பிங் கயிறு, கை சுழற்றல், கால் வீச்சு, பத்து உட்கார்ந்து எழுதல், நாலைந்து சின்னக் குதிப்பு. நெற்றியில் லேசாக வேர்வை அரும்ப வேண்டும், மூச்சு வாங்கக் கூடாது. அப்புறம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே கூப்பிடும் இடத்துக்கு. கழற்றுவது பிளாக்குக்குப் பின்னால் வந்த பிறகுதான்.

நாங்கள் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான் பயிற்சி. வார்ம்-அப்பும் கிடையாது, ஸ்ட்ரெச்சிங்கும் கிடையாது. இதெல்லாம் இப்போது வந்த ஃபேஷன்தானே? — தஞ்சாவூர் பக்கம்

ஐயா, நானும் கிணறுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் கிணற்றுக்கு எப்படிப் போனீர்கள்? வீட்டிலிருந்து ஓடி, வரப்பில் துரத்திப் பிடித்து, தென்னை மரத்தைச் சுற்றி, மேட்டில் ஏறி. அரை கிலோமீட்டர் ஓடி வந்து வேர்த்துப்போய்க் குதித்தீர்கள். அதுதான் வார்ம்-அப், பெயர் மட்டும் தெரியாது. இன்றைய பிள்ளை காரில் ஏசியில் தூங்கிக்கொண்டே வந்து குளத்தில் இறங்குகிறான்.

இன்னொன்று. கிணற்றில் யாரும் ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கவில்லை, வாரம் ஆறு நாள் ஒரே கையை ஆயிரக்கணக்கான தடவை சுழற்றவும் இல்லை. குளிர்ந்த கிணற்று நீரில் திடீரென்று குதித்தால் நம்மையறியாமல் ‘ஹா’ என்று ஒரு மூச்சை இழுப்போமே, அது தலை நீருக்குள் இருக்கும்போது வந்தால் ஆபத்து. முகத்திலும் மார்பிலும் முதலில் தண்ணீர் தெளித்துக்கொள் என்று கிராமத்துக் கிழவர்கள் சொன்னது சரியான புத்தி.

காலேஜ் டீமில் இருக்கிறேன். பயிற்சிக்கு முன்னால் ஒருவர் பின்னால் நின்று நம் இரண்டு கையையும் பிடித்து, முதுகுக்குப் பின்னால் மணிக்கட்டுகள் தொடும்வரை இழுப்பது வழக்கம். ‘டக்’ என்று சத்தம் வந்தால் தோள் ஃப்ரீ ஆகிவிட்டது என்கிறார் சீனியர். மூன்று வாரமாக வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. — சென்னை

தம்பி, இதைப் படித்து முடித்ததும் அந்த இழுப்பை நிறுத்திவிடு. சீனியரிடம் என் பெயரைச் சொல், திட்டினால் என்னைத் திட்டட்டும்.

தோள் மூட்டு எப்படி இருக்கிறது தெரியுமா? சின்னத் தட்டில் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. குழி ஆழம் இல்லை, அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அந்தப் பழம் உருளாமல் பிடித்துவைப்பது சுற்றியுள்ள ஜவ்வும் தசைநார்களும், அப்புறம் நாலு சின்னத் தசைகளும். வருஷக்கணக்கில் நீந்துகிறவர்களுக்கு அந்த முன்பக்க ஜவ்வு ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கும். நீ செய்யும் இழுப்பு தசையைவிட அந்த ஜவ்வைத்தான் இன்னும் தளர்த்துகிறது. அது தளர்ந்தால் அந்த நாலு சின்னத் தசையும் இரட்டை வேலை பார்க்க வேண்டும், களைத்துப்போகும், ஒவ்வொரு சுழற்சியிலும் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே தசைநார் உரசும். 25 மீட்டருக்கு 20 கை என்று வை. ஒரு நாள் 3,000 மீட்டர் நீந்தினால் 2,400 கை. ஒரு தோளுக்கு 1,200 உரசல், ஒரே நாளில். ‘டக்’ சத்தத்தை ஃப்ரீ என்று எப்படித்தான் சொல்கிறார்களோ.

எனக்கு 19 வயதில் இதே கதை. பெயர் வேண்டாம், நல்ல மனுஷன், என் முதல் கோச். முழங்காலை என் முதுகில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் பின்னால் இழுப்பார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ‘இன்னும் சார்’ என்பேன், எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு பெருமை. அந்த வருஷம் முழுக்க இடது பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்க முடியவில்லை. தலை சீவ வலது கை, பஸ்ஸில் கம்பி பிடிக்க வலது கை. ஒரு பந்தயம்கூட முழுசாக முடிக்கவில்லை.

இழுப்பதற்குப் பதிலாக எழுப்பு. சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒன்று கேட்டு வாங்கி, நீளவாக்கில் வெட்டி, ஜன்னல் கம்பியில் கட்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் ஒரு மடித்த துண்டை வைத்துக்கொள், துண்டு கீழே விழக் கூடாது. முன்கையை வயிற்றிலிருந்து வெளிப்பக்கம் மெதுவாகத் திற, மெதுவாகக் கொண்டுவா. 15 தடவை, இரண்டு சுற்று. அப்புறம் இரண்டு கையாலும் டியூபைப் பிடித்துப் பின்னால் இழுத்து, இரண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகில் சேர்த்து மூன்று எண்ணிக்கை நிறுத்து. இது 12 தடவை. கனம் வேண்டாம், எரிச்சல் வந்தால் டியூபைத் தளர்த்து. மொத்தம் ஐந்து நிமிடம். அப்புறம் கையைச் சுழற்று, சின்ன வட்டத்தில் தொடங்கிப் பெரிதாக. நீரில் முதல் 200 மீட்டரை பேக்ஸ்ட்ரோக்கும் ஃப்ரீஸ்டைலும் கலந்து சோம்பேறித்தனமாக நீந்து. ஹேண்ட் பேடில், அதாவது கையில் மாட்டி நீந்தும் பிளாஸ்டிக் தட்டு, இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும்.

மூன்று வாரம் வலி என்பது சாதாரணமில்லை. விளையாட்டுக் காயம் பார்க்கும் பிசியோவிடம் இந்த வாரமே காட்டிவிடு.

போட்டிக்கு முன் அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தசையாக இழுத்துப் பிடித்து ஸ்ட்ரெச் செய்வேன். அப்படிச் செய்தால் வேகம் குறையும் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா? — மதுரை

உங்கள் நண்பர் முக்கால்வாசி சரி. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் அடுத்த கொஞ்ச நேரத்துக்கு அதன் வெடிப்புச் சக்தி சற்றுக் குறைகிறது. 50 மீட்டர்காரருக்கு பிளாக்கிலிருந்து பாயும்போதும் சுவரை உதைக்கும்போதும் அந்த வெடிப்புதான் சொத்து. 15, 20 விநாடி பிடித்துவிட்டால் உலகம் முழுகாது, அப்புறம் குதித்துச் சுழற்றி எழுப்பிவிட்டால் சரியாகிவிடும். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து இழுப்பதில் பெரிய நஷ்டம் வேறு, அந்த அரை மணியில் உடம்பு ஆறிவிடுகிறது. போட்டிக்கு முன் அசைந்துகொண்டே செய்கிற நீட்டல்தான் நல்லது: கால் வீச்சு, இடுப்புச் சுழற்றல், கையை மேலே கோத்து ஸ்ட்ரீம்லைனில் நின்று பக்கவாட்டில் சாய்வது.

பிடித்து இழுக்கும் ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்த பிறகு, சூட்டோடு சூடாக, நிதானமாகச் செய்யுங்கள். அடுத்த நாள் உடம்பு வலி போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதற்கு அது பெரிதாக உதவுவதில்லை. வளைவு கூடும், அதற்காகத்தான். நீச்சலில் வளைவு உண்மையிலேயே வேண்டிய இடம் கணுக்கால். பாதம் நீட்டி வளையாதவன் கிக் அடித்தால் தண்ணீர் தெறிக்குமே தவிர ஆள் நகரமாட்டான். இதற்கு நம்மிடம் ஓசியில் ஒன்று இருக்கிறது, வஜ்ராசனம். டிவி பார்க்கும்போது இரண்டு நிமிடம் குதிகால்மேல் உட்காருங்கள். முட்டி வலி இருப்பவர்களுக்கு வேண்டாம்.

அமெரிக்க நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸ் பந்தயத்துக்கு முன்னால் கையை வீசி முதுகில் ‘பட் பட்’ என்று அடித்துக்கொள்வாரே, அதனால் என்ன பயன்? நானும் செய்கிறேன், முதுகு சிவந்துவிடுகிறது. — எட்டாம் வகுப்பு, திருச்சி

அவருக்குக் கை மிக நீளம், தோள் அவ்வளவு தளர்வு, அதனால் பின்னால் சந்திக்கிறது. பயன் பாதி தோளை எழுப்ப, பாதி ‘நான் தயார்’ என்று மூளைக்குச் சொல்ல. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதே மாதிரி செய்வார், அதுதான் அதில் விஷயம். 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையை அவர் ஜெயித்தது 0.01 விநாடியில், 50.58-க்கு 50.59. அது முதுகில் அடித்ததால் வந்ததில்லை, கடைசியில் இன்னொரு அரைக் கை போட்டுச் சுவரைத் தொட்டதால் வந்தது. நீ சிவக்காத அளவுக்கு வீசு, போதும்.

எங்கள் ஊரில் வளர்ந்த சஜன் பிரகாஷ் மாதிரி 200 பட்டர்ஃப்ளை நீந்த ஆசை. வார்ம்-அப்பிலேயே ஒரு தடவை 200 பட்டர்ஃப்ளை முழுசாக நீந்திப் பார்க்கலாமா? — நெய்வேலி

கல்யாணத்துக்கு முந்தின நாளே பந்தி போட்டுவிட்டால் மறுநாள் யாருக்குச் சாப்பாடு? சஜன் 2021-இல் ரோம் நகரில் 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி, ஒலிம்பிக்குக்கு ‘ஏ’ தகுதி நேரத்தோடு (நேரடியாக இடம் தரும் நேரம்) போன முதல் இந்திய நீச்சல்காரர் ஆனார். தகுதி நேரம் 1:56.48, தப்பித்தது 0.10 விநாடியில். அதற்கு முன்னால் கழுத்துக் காயத்தோடு எவ்வளவு போராடினார் என்பதையும் படித்துப் பார்.

வார்ம்-அப்பில் பட்டர்ஃப்ளையை 25 மீட்டருக்கு மேல் தொடர்ச்சியாக நீந்தாதே. பெரும்பகுதி ஃப்ரீஸ்டைல், கொஞ்சம் டால்ஃபின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து அடிப்பது), ஒற்றைக் கைப் பயிற்சி. அப்புறம் 25 மீட்டராக மூன்று தடவை, பந்தயத்தின் முதல் 50-இல் எந்த வேகத்தில் போகப்போகிறாயோ அதே வேகம், அதைவிட வேகமில்லை. 200-காரர்கள் செய்யும் தப்பு இதுதான், வார்ம்-அப்பில் ஜோராக இருக்கிறது என்று பறந்துவிட்டு, அந்த வேகத்தையே பந்தயத்திலும் தொடங்கி 150-இல் கை தூக்க முடியாமல் தொங்குவது. 50 மீட்டர்காரருக்கு நேர்மாறு, குறைவாக நீந்தி, 15 மீட்டர் முழுவேகப் பாய்ச்சலை மூன்று, நாலு தடவை செய்து, நடுவே நன்றாக ஓய்வெடுக்க வேண்டும்.

பயிற்சியில் அடிக்கடி கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. வாழைப்பழம் சாப்பிட்டும் குறையவில்லை. — ஈரோடு

பாவம் வாழைப்பழம், அது என்ன செய்யும். நீந்தும்போது பாதம் எப்போதும் நீட்டியபடி இருப்பதால் கெண்டைக்கால் சதை சுருங்கிய நிலையிலேயே வேலை செய்கிறது. களைத்த நிலையில் சுவரைப் பலமாக உதைத்ததும் பிடித்துக்கொள்கிறது. எப்போது பிடிக்கிறது என்று கவனியுங்கள், முதல் பத்து நிமிடத்திலா, கடைசியிலா? முதலில் என்றால் வார்ம்-அப் பற்றவில்லை, கரையில் 20 தடவை நுனிக்காலில் எழும்பி இறங்கிவிட்டு, முதல் டர்ன்களை மெதுவாக உதையுங்கள். கடைசியில் என்றால் கிக் அளவு உங்கள் பலத்தைவிட அதிகம், தண்ணீரும் குடிக்காமல் இருந்திருப்பீர்கள். குளத்துக்குள் இருந்தாலும் வேர்க்கிறது, தெரியாது அவ்வளவுதான்.

பிடித்துவிட்டால் சுவரையோ லேன் கயிற்றையோ பற்றிக்கொண்டு, கால்விரல்களைப் பிடித்து முட்டிப் பக்கம் இழுத்து விடுங்கள். ஆழமான பக்கம் என்றால் முதலில் மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்தினால் முட்டியின் உள்பக்கம் வலி. — நாகர்கோவில்

அந்த உதை முட்டியைப் பக்கவாட்டில் திருகுகிறது. குளத்தில் இறங்கியதும் முதல் 300 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்கே வேண்டாம். அப்புறம் மெதுவான உதை, பிறகு வேகம். இடுப்பு இறுகியிருந்தாலும் சுமை முட்டிக்குத்தான் வரும், சம்மணமிட்டு உட்காரச் சிரமமாக இருக்கிறதா என்று பாருங்கள். வலி இருக்கும்வரை வேறு ஸ்ட்ரோக்.

ஸ்டார்ட்டுக்கு முன்னால் வேகவேகமாக இருபது, முப்பது தடவை மூச்சை இழுத்துவிட்டால் நுரையீரல் ‘வார்ம்-அப்’ ஆகும், 25 மீட்டர் மூச்சு எடுக்காமல் போகலாம் என்று என் மகனின் நண்பர்கள் செய்கிறார்கள். சரியா? — சேலம்

கூடாது. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மூச்சு முட்டுகிறது, மேலே வா என்று உடம்பு சொல்வது பிராணவாயு குறைவதால் இல்லை, கரியமில வாயு சேர்வதால். வேகவேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, பிராணவாயு பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. அதாவது பெட்ரோல் அதே அளவு, காட்டும் முள்ளை மட்டும் உடைத்துவிட்டோம். மூச்சு முட்டும் உணர்வே வராமல் நீருக்கடியில் நீந்திக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பிவிடும். கைகால் அடிக்காமல், சத்தமில்லாமல் அடியில் கிடப்பான், மேலே இருப்பவர்கள் ‘எவ்வளவு நேரம் அடக்குகிறான் பார்’ என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிச் சாகிறார்கள். பிளாக்கில் ஏறியதும் சாதாரணமாக இரண்டு ஆழ்ந்த மூச்சு, அது போதும். நீருக்கடி மூச்சடக்கல் போட்டி எந்தக் குளத்திலும் வேண்டாம்.

வயது 58. தினமும் காலை 6 மணிக்கு 40 நிமிடம் நீந்துகிறேன். போட்டிக்கெல்லாம் போவதில்லை. எனக்கும் வார்ம்-அப் அவசியமா? பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். — புதுச்சேரி

பிள்ளைகளைவிட உங்களுக்குத்தான் ஐயா அவசியம். படுக்கையிலிருந்து எழுந்து நேராக வேகமாக நீந்தினால் இதயத்துக்கு அது அதிர்ச்சி, ரத்தக்குழாய்கள் திறந்து கொடுப்பதற்குள் வேலை வந்து நிற்கிறது. குளத்துக்கு நடந்து போகும் தூரமாக இருந்தால் வண்டியை விட்டுவிட்டு நடங்கள், அது பாதி வார்ம்-அப். கரையில் ஐந்து நிமிடம் தோள், இடுப்பு, கணுக்கால் சுழற்றல். படியில் இறங்கி இடுப்பளவு நீரில் ஒரு நிமிடம் நடந்து, அப்புறம் முதல் ஐந்தாறு லேப்பைப் பேசிக்கொண்டே நீந்தலாம் என்கிற வேகத்தில். முடித்ததும் சட்டென்று படியேறாதீர்கள், இரண்டு லேப் மெதுவாக நீந்தி இறக்குங்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நீரிலிருந்து எழுந்ததும் தலை சுற்ற வாய்ப்புண்டு. மார்பில் இறுக்கமோ, தாடை, இடது கை வலியோ வந்தால் நீச்சலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை, ‘வாயுப் பிடிப்பு’ என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது.

கடலில் நீண்ட தூரம் நீந்தப் பழகுகிறேன். ஆழிக்குமரன் ஆனந்தன் பிறந்த ஊர்க்காரன். கடலுக்கு வார்ம்-அப் எப்படி? — வல்வெட்டித்துறை

பாக்கு நீரிணையை 1971-இல் இரு வழியும் நீந்திய மனிதரின் ஊரிலிருந்து என்னிடம் கேட்கிறீர்கள், கூச்சமாக இருக்கிறது.

மணிக்கணக்கான நீச்சலுக்கு முதல் அரை மணி நேரமே வார்ம்-அப். கரையில் குதித்துச் சக்தியைச் செலவழிக்க வேண்டாம், தோளையும் கழுத்தையும் எழுப்பினால் போதும். கழுத்து ஏன் என்றால், கடலில் திசை பார்க்க அடிக்கடி தலையைத் தூக்குவீர்கள், குளத்தில் அந்தப் பழக்கம் இருக்காது. நம் கடல் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாய் கோடையிலேயே 15 முதல் 18 டிகிரிதான், அங்கே பிரச்சினை உடம்பைச் சூடாக்குவதில்லை, சூட்டை இழக்காமல் இருப்பது. காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கொண்டுபோகும். 1994-இல் குற்றாலீஸ்வரன் சிறுவனாக அந்தக் கால்வாயைக் கடந்தபோது நாங்களெல்லாம் வாயைப் பிளந்தது அதனால்தான். ஆனந்தன் 1984-இல் உயிரை விட்டதும் அதே நீரில்தான். துணைப் படகு இல்லாமல் நீந்தாதீர்கள்.

நீந்துவதற்கு முன் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டால் உடம்பு சூடாக இருக்குமா? பாட்டி சொல்கிறார். — விருதுநகர்

தேய்க்கும் கை சூடாகும், தசை ஆகாது. கடல் நீச்சல்காரர்கள் அக்குளிலும் கழுத்திலும் வாஸ்லின் மாதிரி எதையாவது பூசுவது உப்பு நீரில் தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்கத்தான். பொதுக் குளத்துக்கு எண்ணெயோடு போனால் தண்ணீர்மேல் வானவில் தெரியும், கை பிளாக்கில் வழுக்கும், வாசலில் இருப்பவர் ஷவரைக் காட்டித் திருப்பி அனுப்புவார். பாட்டியிடம் ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்குக் குளம் வேண்டாம்.